எங்கள் வீடுகளையும் தலைக்கட்டாக எழுதுங்கள்: ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தின் ஊர்க்கவுண்டர்கள், மந்திரிக் கவுண்டர்கள், தர்மகர்த்தாக்கள், திருவிழாக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாரியம்மன் பண்டிகை சாட்டுவதற்கு முன் நீங்கள் ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, எவ்வளவு என்று வரியை முடிவு செய்து, நோட்டில் பெயர்களை எழுதுவீர்கள். கணவன் துணையின்றித் தனியாகக் குடித்தனம் நடத்தும் பெண்களின் வீடுகளையும் அவரவர் பெயரிலேயே ஒரு தலைக்கட்டாக அந்த நோட்டில் எழுதி, மற்ற வீடுகளில் வாங்கும் வரியை எங்களிடமும் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் பணியாற்றுகிறேன். பால்வாடி டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை அவரோடும், அதன் பிறகு தனியாகவும் குடியிருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கெடுப்பு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி என்பதால், எந்த வீட்டில் யார் சம்பாதித்து யார் சோறு போடுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களை ஒரு குடும்பமாக நாங்கள் எழுதுகிறோம்; அங்கே இருப்பது ஒரே ஒரு பெண் என்றாலும் அது ஒரு குடும்பம்தான். ஊர் நோட்டில் கணக்கு வேறு. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பையனின் பெயர் மறு வருஷமே அதில் ஏறிவிடுகிறது. காலமெல்லாம் அதே ஊரில் வீட்டு வரியும் கரண்ட் பில்லும் கட்டிவரும் பெண்ணின் பெயர் ஏறுவதில்லை.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு திரும்பாமல் போன வீடுகள் நம் பக்கத்தில் உண்டு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், களை எடுத்தும் தக்காளி பறித்தும் கிடைக்கும் கூலியிலிருந்து அந்தப் பெண் தவறாமல் வரி கட்டிவருகிறாள். ரசீது மட்டும் ஊர்ப் பக்கமே வராத கணவனின் பெயரில் கிழிக்கப்படுகிறது. கணக்கெடுக்கப் போனபோது, ரேஷன் அட்டையோடு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்த ரசீதுகளை எடுத்து என் முன்னால் திண்ணையில் பரப்பினாள். ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. பணம் அவளுடையது என்பது வாங்கிய பையன்களுக்கும் தெரியும், எழுதிய பெரியவருக்கும் தெரியும்.

கணவனை இழந்தவர்களுக்கு வரி வேண்டாம் என்று பல ஊர்களில் தள்ளுபடி செய்கிறீர்கள். அது இரக்கத்தால் செய்வது. முடியாதவர்களுக்கு அது பெரிய உதவியும்கூட. ஆனால் வரியைத் தள்ளும்போது பெயரும் சேர்ந்து அடிபட்டுப் போகிறது. என்னைப் போன்றவர்களுக்கோ தள்ளுபடிகூட இல்லை. வசூலுக்கு வரும் தம்பிமார்கள் என் அண்ணன் வீட்டில் ரசீது போட்டுவிட்டு, "டீச்சருக்கு வேண்டாம்டா, அண்ணன் வரியிலேயே அவங்களும் வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். நான் அண்ணன் சோற்றைச் சாப்பிடவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதில் என்ன குறைந்துவிட்டது, காசு மிச்சம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். நோட்டில் பெயர் இல்லாதவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு இல்லை, குறை அதுதான். வண்டிப்பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் வந்து முறையிட்டால், "உங்க அண்ணன வரச் சொல்லும்மா" என்று அனுப்பிவிடுகிறீர்கள். பாதையை அடைத்ததே அந்த அண்ணன் என்றால் அவள் யாரை அழைத்து வருவாள்? மாவிளக்கு எடுக்கும் நாளிலும் எங்கள் விளக்கு அண்ணி தட்டில் ஓர் ஓரமாகத்தான் போகிறது. பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது நாற்பது வயதிலும் மணமாகாதவள் முன்னால் நிற்க வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். கணவனைப் பிரிந்து வந்தவளை வாழாவெட்டி என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். கடைசிப் பேருந்தில் இறங்கி நடந்தால் எங்கே போய்விட்டு வருகிறாள் என்ற ஆராய்ச்சி வேறு.

மொய்யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரில் நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும், புதுமனை புகுவிழாவுக்கும் தனியாக இருக்கும் பெண்கள் மொய் எழுதுகிறோம். மற்றவர்களுக்கு அது என்றைக்காவது தம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் பணம். எங்கள் வீட்டில் விசேஷம் ஏது? அதிலும் பலமுறை அண்ணன் பெயரிலேயே சேர்த்து எழுதிவிடுவதால், திரும்பி வரும் பணம் அண்ணன் வீட்டுப் பந்தலுக்குப் போய்ச் சேர்கிறது. சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு இப்படிக் கரைந்துபோன பெண்கள் வயதான காலத்தில் மருந்துக்குக் கையேந்தி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாகப்பிரிவினையைப் பற்றிப் பேசுவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். மணமாகாத மகளும், கணவனால் கைவிடப்பட்டவளும், கணவனை இழந்தவளும் தந்தையின் வீட்டில் குடியிருக்கலாம் என்று 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொன்னது. 1989 இல் தமிழ்நாடு அரசு அதைத் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25 ஆம் தேதிக்கு முன் திருமணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005 இல் மத்தியச் சட்டம் அந்தப் பங்கை எல்லா மகள்களுக்கும் உரியதாக்கியது. அது பிறப்பால் வரும் உரிமை, தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், "உனக்கென்ன பிள்ளையா குட்டியா" என்று கேட்டு, பெரியவர்கள் முன்னிலையில், பங்கு வேண்டாம் என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அவள் அந்த வீட்டில் இருப்பது அண்ணனின் தயவில்தான். சாட்சியாக உட்காரும் பெரியவர்கள், அவளைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் இன்னொரு வேண்டுகோள்.

அதே 1989 இல்தான் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக நம் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடுதான் இருந்தது. அந்தக் குழுக்களில் ஒரு பெண்ணை அவள் பெயரில்தான் சேர்த்தார்கள், சேமிப்பையும் கடனையும் அவள் பெயரில்தான் எழுதினார்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் நம் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24 அன்று. மணமாகாத தனித்த பெண்களும், கைம்பெண்களும், திருநங்கைகளும் தலைமை தாங்கும் குடும்பங்களைக் குடும்பமாகவே கொள்ள வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. ஆனால் ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருவருக்குத்தான் தொகை. அண்ணன் அட்டையிலேயே பெயர் கிடக்கும் பெண்ணுக்கு அது வராது. தனி அட்டை கேட்டு எழுதினாலும், ஐம்பது வயதைக் கடந்த மணமாகாத ஏழைப் பெண்ணுக்கோ கணவனால் கைவிடப்பட்டவளுக்கோ அரசு தரும் மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு எழுதினாலும், விசாரணைக்கு வருபவர் அக்கம்பக்கத்தில்தான் கேட்கிறார். "அது தனிக் குடும்பம் இல்லைங்க" என்று ஊரில் ஒருவர் சொல்லிவிட்டால் அவள் மறுபடியும் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியதுதான். ஊர் நோட்டில் அவள் பெயரில் ரசீது இருந்தால், யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

நாங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சிலர் என்று நினைத்துவிடாதீர்கள். கணவனை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், விவாகரத்துப் பெற்றவர்கள், மணமாகாதவர்கள் என்று இந்தியாவில் தனித்து வாழும் பெண்கள் 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5.12 கோடி, 2011 இல் 7.14 கோடி. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளில் சிலர் கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அவர்களும் பண்டிகைக்கு ஊர் திரும்புவார்கள்.

பெண்களைத் தலைக்கட்டாக எழுதினால் பரிவட்டம் கேட்பார்கள், முதல் மரியாதை கேட்பார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இப்போது நாங்கள் அதைக் கேட்கவில்லை. கூட்டம் நடக்கும்போது ஜமக்காளத்தில் உட்கார இடமும், எங்கள் வீட்டு விஷயத்தை நாங்களே எழுந்து சொல்ல அனுமதியும் கேட்கிறோம். சாமிக்குத்தம் ஆகிவிடும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நாம் கும்பிடுகிற மாரியம்மன் பல கோயில்களில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எனவே இந்த வருஷம் நோட்டுப் போடும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். தனி அடுப்பு வைத்திருக்கும் பெண்ணிடம் அவள் பெயரை எழுதலாமா என்று நேரில் கேளுங்கள். அவள் சம்மதித்தால் அவள் பெயரிலேயே ரசீது கொடுங்கள். முழு வரி கட்ட முடியாதவர்களிடம் பாதியோ, அதற்கும் குறைவோ, முடிந்ததை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் விடாமல் எழுதுங்கள். கணவன் ஊரை விட்டுப் போய் ஐந்து வருஷம் கடந்த வீடுகளில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, வரி கட்டுகிறவளின் பெயரை எழுதுங்கள். கூட்டத்துக்கு ஆள் அழைக்கக் கோல்காரர் வரும்போது எங்கள் வாசலிலும் நின்று சொல்லிவிட்டுப் போகட்டும், நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்து அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்