தேடுபொறி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: நாங்கள் கேட்டதைத் தேடுங்கள்

வணக்கம்.

தேடுபொறிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றில் எந்த வசதி இருக்கலாம், எது போகலாம் என்று முடிவெடுக்கும் நிர்வாகிகளுக்கும் இந்த மடல். உங்கள் வேலை எளிதானதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, வரிசைப்படுத்தி, ஒரு நொடிக்குள் விடை தருகிறீர்கள். அதை நாள்தோறும் பயன்படுத்துகிற எனக்கு ஒரே ஒரு பெரிய வேண்டுகோள்தான் இருக்கிறது. மற்றவை எல்லாம் அதன் கிளைகள். நான் என்ன நினைத்துத் தேடுகிறேன் என்று தாராளமாக ஊகியுங்கள். ஆனால் அந்த ஊகம் தவறும்போது திருத்துகிற வழியை என்னிடம் விட்டுவையுங்கள்.

முதலில் சொற்களைப் பற்றி. ஒரு பிரிண்டரின் மாடல் எண்ணையும், அது திரையில் காட்டும் பிழைக் குறியீட்டையும் சேர்த்துத் தேடுகிறேன் என்று வையுங்கள். அந்தக் குறியீடு இல்லாத பக்கம் எனக்குத் தேவையே இல்லை. வருவதோ, பிரிண்டர் கோளாறுகளைச் சரிசெய்யப் பத்து வழிகள் என்கிற மாதிரிக் கட்டுரைகள். நான் கொடுத்த சொல் இந்தப் பக்கத்தில் இல்லை என்று முடிவின் கீழேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. இல்லை என்று தெரிந்தும் ஏன் அதைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறீர்கள்?

கூகுளில் ஒரு காலத்தில் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால், அந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருள். 2011 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு, மேற்கோள் குறியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பயனர்கள் குறைபட்டுக்கொண்ட பிறகு, சொன்னது சொன்னபடியே தேடும் ஒரு வசதி அடுத்த மாதமே வந்தது. அது இன்றும் இருக்கிறது. ஆனால் கருவிகள் பட்டியலுக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நான் கேட்பது சின்ன மாற்றம்தான்: தேடல் பெட்டியில் இருக்கும் ஒரு சொல்லை விரலால் தொட்டால் அது பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய சொல் இல்லாத பக்கம் முடிவுகளில் வரவே கூடாது. குறிகளையும் கட்டளைகளையும் மனப்பாடம் செய்யாதவர்களுக்கும் அது கைகொடுக்கும்.

அப்படித் தேடி ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். அதுவும் ஒரு விடைதான். ஒரு தலைவர் சொன்னதாக ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை அப்படியே தேடிப் பார்க்கிறேன். சில வாரங்களுக்கு முன்னால் வரை இணையத்தில் எங்குமே அந்த வாசகம் இல்லை என்று தெரிந்தால், எனக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை கிடைத்துவிட்டது. அந்த வெற்றிடத்தை ஏறத்தாழ ஒத்த நூறு பக்கங்களால் நிரப்பும்போது, அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறீர்கள். நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கேட்டால், இங்கே இல்லை என்று நூலகர் சொல்வார். பெயர் கொஞ்சம் ஒத்துப்போகிற வேறு நாலு புத்தகங்களை மேசையில் அடுக்கிவிட்டுப் போகமாட்டார்.

இந்த இடத்தில் தமிழில் தேடுகிறவர்களின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். எழுத்து மாறாமல் அப்படியே ஒத்துப்போவதை மட்டும் தேடும், ஆங்கிலத்துக்காக வகுத்த முறை எங்கள் மொழிக்கு அப்படியே பொருந்துவதில்லை. மரம் என்ற சொல் எழுத்தில் மரத்தை, மரத்தில், மரங்களுக்கு, மரமும் என்று பல வடிவங்களில் வரும். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஒரு வடிவம் மட்டும் சிக்கும், மற்றவை நழுவிவிடும். குறி போடாமல் தேடினாலோ, சம்பந்தமில்லாததெல்லாம் வந்து சேரும். நடுவில் ஒரு நிலை வேண்டும்: இந்தச் சொல்லின் எல்லா வேற்றுமை வடிவங்களும் வரலாம், ஆனால் வேறு சொல் வரக்கூடாது என்று கேட்கிற வழி. சொல்லைப் பிரித்து வேரைக் காணும் நிரல்கள் தமிழுக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. தெலுங்கு, கன்னடம், துருக்கி, ஃபின்னிஷ் என்று ஒட்டுகளால் வளரும் மொழிகள் எல்லாவற்றுக்கும் இதே தேவை உண்டு. அப்புறம், எந்திரம் மொழிபெயர்த்துக் குவித்த பக்கங்கள். படித்தால் பொருள் விளங்காத அவை தமிழ்த் தேடல்களில் மேலே வந்து உட்காரும்போது, ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய நல்ல கட்டுரை மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது. எந்திர மொழிபெயர்ப்பு என்று உங்களுக்குத் தெரிந்தால், அதை முடிவிலேயே குறித்துக் காட்டுங்கள்.

அடுத்தது, வேண்டாத தளங்களை விலக்கும் உரிமை. ஒரு பொருளை வாங்குமுன் மதிப்புரை தேடினால் என்ன வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வாங்கும் லிங்கில் வரும் கமிஷனுக்காக எழுதிய பட்டியல்கள். ஜெர்மனியில் லைப்சிக், வைமர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுள், பிங், டக்டக்கோ என்ற மூன்று தேடுபொறிகளிலும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தேடல்களை ஓராண்டு கவனித்து, 2024-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலே வரும் பக்கங்கள் சராசரியாகக் கூடுதல் எஸ்இஓ வேலைப்பாடும் (தேடுபொறியில் மேலே வருவதற்காகப் பக்கத்தில் செய்யும் வேலை), கூடுதல் கமிஷன் லிங்குகளும் கொண்டவை, எழுத்தின் தரத்திலோ குறைந்தவை என்று கண்டார்கள். உங்கள் பொறியாளர்கள் இதை எதிர்த்துப் போராடுகிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்தப் போராட்டத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2011-ல் கூகுளே, பிடிக்காத தளத்தை முடிவுகளிலிருந்து நிரந்தரமாகத் தடுக்கும் வசதியைக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அது போய்விட்டது. சந்தா கட்டிப் பயன்படுத்தும் காகி என்ற தேடுபொறியில் ஒரு தளத்தை மேலே தூக்கலாம், கீழே தள்ளலாம், அடியோடு விலக்கலாம். ஆக, செய்ய முடியாத காரியமில்லை. கழித்தல் குறி போட்டுத் தளங்களை விலக்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு தேடலிலும் இருபது தளங்களின் பெயரை யார் தட்டிக்கொண்டிருப்பது? ஒருமுறை சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி விலக்கினால் ஆளுக்கொரு சின்ன உலகத்துக்குள் அடைபட்டுவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது: நீங்கள் விலக்கிய தளங்களிலிருந்து இத்தனை முடிவுகள் மறைக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி கீழே போடுங்கள். தொட்டால் விரியட்டும்.

தேதி விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. மருந்து பற்றிய எச்சரிக்கை, வரி விதி, மென்பொருளின் புதிய பதிப்பு போன்றவற்றில் எப்போது எழுதியது என்பதே பாதி விடை. பல தளங்கள் உள்ளே ஒரு வரியும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பித்து, முடிவுகளில் இந்த மாதக் கட்டுரைபோல் காட்டிக்கொள்கின்றன. உங்கள் நிரல்கள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துபோகின்றன. எப்போது முதலில் பார்த்தோம், உள்ளடக்கம் கடைசியாக எப்போது உண்மையில் மாறியது என்ற இரண்டையும் உங்களால் கணக்கிட முடியும். தளம் சொல்லும் தேதிக்குப் பக்கத்தில் அவற்றையும் காட்டுங்கள். இந்த நாளுக்கு முன், இந்த நாளுக்குப் பின் என்று தேடும் கட்டளைகளும் அப்போதுதான் நம்பத்தக்கவையாகும்.

பழைய பிரதி பற்றியும் ஒரு சொல். கூகுள் சேமித்துவைத்த பழைய பிரதியைத் திறக்க, முடிவின் பக்கத்தில் இருந்த கேஷ் லிங்கை 2024 தொடக்கத்தில் கூகுள் எடுத்துவிட்டது. பக்கங்கள் ஒழுங்காகத் திறக்காத காலத்துக்காக வந்த வசதி, இப்போது நிலைமை மேம்பட்டுவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது: 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகள் கழித்துக் கிடைக்கவில்லை. பிறகு, வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் பழைய பிரதிகளுக்குக் கூகுளில் லிங்க் சேர்த்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் அது இரண்டு மூன்று சொடுக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு இருந்த இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் ஏஐ சுருக்கங்களை நான் முழுக்க வெறுக்கவில்லை. அவசரத்துக்கு உதவுகின்றன. ஆனால் 2024 மே மாதம் கூகுள் அதை அமெரிக்காவில் பரவலாக்கியபோது, பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கச் சொன்ன விடை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. யாரோ விளையாட்டாக எழுதிய பழைய பதிவு அதன் மூலம். மூலப் பக்கத்தைப் பார்த்திருந்தால் கேலி என்று யாருக்கும் புரிந்திருக்கும். சுருக்கம் அந்தக் குரலை அழித்துவிட்டு, தகவலை மட்டும் உறுதியான தொனியில் எடுத்துக்கொடுத்தது. எனவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதன் மூலம் எது என்று காட்டுங்கள். நாலு வாக்கியத்துக்குச் சேர்த்து ஓரத்தில் நாலு லிங்க் போடுவது போதாது. சுருக்கமே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரே முறை அணைத்துவைக்கும் பொத்தானும் கொடுங்கள். லிங்குகளை மட்டும் காட்டும் வடிகட்டி கூகுளில் இருக்கிறது என்பது சரி. அதையே என் இயல்பு நிலையாக வைத்துக்கொள்ள அமைப்புகளில் இடம் வேண்டும்.

விளம்பரங்கள் வேண்டாம் என்று கேட்கமாட்டேன். உங்களுக்கும் செலவு உண்டு. அவற்றுக்கு முன்பிருந்த பின்னணி நிறத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள். விளம்பரத்துக்கும் மற்ற முடிவுகளுக்கும் உள்ள வேறுபாடு மங்கிக்கொண்டே வருகிறது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2013-லேயே தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி பயனரைவிட விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998-ல் எழுதியவர்கள் கூகுளைத் தொடங்கிய செர்கே பிரின்னும் லாரி பேஜும்தான்.

கடைசியாக ஒன்று. ஒரு வசதியை எடுக்கும் முன் சில மாதங்களாவது அறிவிப்புக் கொடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். கொஞ்சம் பேர்தான் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். அந்தக் கொஞ்சம் பேரில் நூலகர்கள், செய்தியாளர்கள், ஆய்வு மாணவர்கள், பொய்ச் செய்தியைச் சரிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடிக் கண்டுபிடித்ததைத்தான் மற்ற எல்லோரும் படிக்கிறோம். இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று தெரியும். சொல்லைப் பூட்டும் வசதியிலிருந்து தொடங்குங்கள். இருப்பதிலேயே எளியது அதுதான்.

அன்புடன்,
நாள்தோறும் தேடுகிறவர்களில் ஒருவர்