வீட்டுப்பாடத்தோடு வீட்டுக்கு வரும் அச்சம்: பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மகளின் தாயாக இதை எழுதுகிறேன். அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, மாலைதோறும் கணக்குப் புத்தகத்தோடு அவள் அருகே உட்காருவது என் கடமை என்று நம்பினேன். நான் அவளை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. ஆயினும் பின்னங்களைக் கூட்டும்போது அவள் தவறிய மறுகணமே என் குரல் மாறிவிடும். சில மாதங்களில், ஒவ்வொரு வரியை எழுதியதும் அவள் விடையைச் சரிபார்க்காமல் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றைப் பின்னாளில் படித்தபோது, அந்த மாலைகள் எனக்கு விளங்கின. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள் அந்தக் கல்வியாண்டில் குறைவாகவே கணக்குக் கற்றார்கள். ஆண்டிறுதியில் அவர்களுக்கும் அந்த அச்சம் கூடியிருந்தது. ஆனால் இது, அத்தகைய பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில் மட்டுமே நிகழ்ந்தது. அன்போடு செய்த உதவியின் வழியாகவே எங்கள் பயம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது என்பதை ஏற்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. மனத்தில் எண்களை நிறுத்திக் கணக்கிட வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால், தெரிந்த பாடமும் கைக்கு வராது. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்கள் எழுதும் பீசா (PISA) தேர்வையொட்டி 2015இல் கேட்டபோது, நன்றாகத் தயாராகியிருந்தாலும் தேர்வென்றால் மிகவும் பதறுவதாக, பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (OECD) உறுப்பு நாடுகளில் சராசரியாக 55 சதவீத மாணவர்கள் சொன்னார்கள்.

இதில் பெற்றோராகிய எங்கள் பங்கை நான் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் அச்சம் வீட்டில் மட்டும் பிறப்பதன்று. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை நீட்டி, "வீட்டில் இன்னும் கவனியுங்கள்" என்ற ஒரே வரியோடு எங்களை அனுப்பும்போது, எதைக் கவனிப்பது என்று அறியாமல் எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்குகிறோம். வீடு திரும்பும் வழியிலேயே பிள்ளையை விசாரிக்கிறோம்.

ஆகவே, பெரியவர் உடன் உட்கார்ந்து கற்பித்தாலன்றி முடிக்க முடியாத வீட்டுப்பாடத்தைத் தராதீர்கள். பிறர் காதுபட மதிப்பெண்களை வாசிக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில், மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன், என் மகள் எந்தப் படியில் தடுமாறுகிறாள், அதை வகுப்பிலேயே எவ்வாறு சரிசெய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நான் செய்யாமல் இருக்க வேண்டியது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்