செயலாளர் ஆண்டறிக்கை – 2008

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கக் குடும்பங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் ஆண்டறிக்கை பொங்கல் விழாவில் தொடங்கும். 2008-இல் கென்யாவில், நம் நைரோபியில், நாம் பொங்கல் கொண்டாடவில்லை. ஜனவரி 15 அன்று புதிய நாடாளுமன்றம் கூடியது, மறுநாளிலிருந்து மூன்று நாள் போராட்டம் என்று அறிவிப்பு வந்தது. மண்டபத்தை ரத்து செய்தோம். விழாவுக்கென்று வாங்கிய அரிசியும் பருப்பும் ஒரு உறுப்பினர் வீட்டில் மூட்டையாகக் கிடந்தன. ஜம்ஹுரி பூங்கா மைதானத்தில் வீடிழந்த மக்கள் தங்கியிருக்கிறார்கள், அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மகளிர் அணியினர் சொன்னார்கள். இந்த ஆண்டு முழுக்க நாம் செய்த வேலைக்கு அதுதான் தொடக்கம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம் பிள்ளைகள் பின்னாளில் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். 2007 டிசம்பர் 27 அன்று கென்யாவில் அதிபர் தேர்தல். 30-ஆம் தேதி மாலை, பதவியிலிருந்த அதிபர் முவாய் கிபாகி வென்றதாக அறிவித்தார்கள், அன்றே பதவியேற்பும் நடந்தது. எதிர்த்து நின்ற ராய்லா ஒடிங்காவின் தரப்பு அதை ஏற்கவில்லை. அன்றிரவே கிசுமுவிலும் கிபேராவிலும் எல்டோரெட்டிலும் தீ. கிசுமுவில் இந்தியர் கடைகளும் சூறையாடப்பட்டன. புத்தாண்டு அன்று எல்டோரெட் அருகே கியாம்பாவில் தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்தவர்களை உள்ளேயே வைத்து எரித்தார்கள். ஜனவரி கடைசியில் நகுருவிலும் நைவாஷாவிலும் பழிக்குப் பழி நடந்தது. ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து பேசி, பிப்ரவரி 28 அன்று இரு தலைவர்களும் கையெழுத்திட்ட பிறகுதான் ஓய்ந்தது. கலவரத்தை விசாரித்த நீதிபதி வாக்கி ஆணையம் அக்டோபரில் தந்த அறிக்கைப்படி இறந்தவர்கள் 1,133 பேர். வீட்டைவிட்டு ஓடியவர்கள் லட்சக்கணக்கில்.

பிப்ரவரியில் கூடிய செயற்குழுவில் ஒரு கேள்வி வந்தது. அரிசி கொடுத்தாகிவிட்டது, இனி நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? இது உள்நாட்டு அரசியல், விருந்தாளிகளாக வந்த நாம் தலையிடலாமா என்று சிலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கவலைதான். அப்போது, இலங்கையிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். 1977 தேர்தல் முடிந்த அடுத்த மாதம் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு, கையில் ஒரு பையோடு வவுனியா வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. “எங்களுக்குச் சோறு போட்டவர்கள் பல பேர். பழைய வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டவர் ஒருவருமில்லை” என்றார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. முகாமோடு நிறுத்தாமல், ஒரே ஒரு கிராமத்தை எடுத்து, அது நிமிரும்வரை கூட இருப்பது என்று முடிவானது.

நகுரு கண்காட்சி மைதான முகாமில் பழக்கமான சில குடும்பங்கள் மோலோவைச் சேர்ந்தவை. அவர்கள் ஊரையே எடுத்துக்கொண்டோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நடுவில் ஒரு சிற்றோடை ஓடும் ஊர். ஒரு கரையில் பெரும்பாலும் கிபாகியின் இனமான கிக்குயு குடும்பங்கள், மறுகரையில் கலெஞ்சின் இனக் குடும்பங்கள். ஓடியவர்கள் முதல் கரைக்காரர்கள். அந்தப் பகுதிக்கு இது புதிதும் அல்ல. 1992 தேர்தலை ஒட்டியும் ஓடினோம், திரும்பி வந்தோம் என்று பெரியவர்கள் விரல்விட்டுச் சொன்னார்கள். நிலம் யாருடையது என்ற பழைய வழக்கு ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்புகிறது.

மே 5 அன்று அரசு ‘ருடி ந்யும்பானி’, அதாவது ‘வீட்டுக்குத் திரும்பு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு 10,000 ஷில்லிங் என்று அறிவித்தார்கள். நம் ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் மே கடைசியில் திரும்பினார்கள். மோலோ குளிரூர், அதுவும் மழைக்காலம். சுவர் கரிந்து, கூரை இல்லாத வீட்டுக்குள் கூடாரத் துணியை விரித்துப் படுத்திருந்தார்கள். நாம் தகரம் கொண்டுபோனோம்.

இங்கே இரண்டு தவறுகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, தகரம். 30 கேஜ் என்று சொல்லி வாங்கியதில் பாதிக்கு மேல் அதைவிட மெல்லிசு. ஊர்த் தச்சர் கையில் எடுத்து மடக்கிக் காட்டியபோது வெட்கமாக இருந்தது. கடைக்காரரிடம் மல்லுக்கட்டி மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவர்கள் மழையில் இருந்தார்கள். இனி யார் பொருள் வாங்கினாலும், பொருத்தப்போகும் ஆளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். எரிந்த வீட்டுக்குத்தானே கூரை வேண்டும் என்று நினைத்தோம். மறுகரையில் வேறு கணக்கு ஓடியது. அவர்களும் ஐந்து மாதம் சந்தை இல்லாமல், பாலைக் கறந்து விற்க வழியில்லாமல், உரம் இல்லாமல் தவித்தவர்கள். அந்த ஆண்டு உரம் இரண்டு மடங்குக்கு மேல் விலை ஏறியிருந்தது. “ஓடினவனுக்குப் புதுத் தகரம், இருந்தவனுக்கு ஒன்றுமில்லையா?” என்று பேச்சு. ஒரு இரவு இரண்டு வீட்டுத் தகரத்தின் மீது கல் விழுந்தது. நம் உதவியே அடுத்த சண்டைக்கு விறகாகிவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

எல்டோரெட் ஆயர் கொர்னேலியஸ் கொரிரைப் பற்றி நகுருவில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கலவரத்தின்போது தன் பேராலய வளாகத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு இடம் கொடுத்தவர். 1992-க்குப் பிறகு அவர் கைக்கொண்ட வழி ஒன்று உண்டு. முதலில் இரு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்து, மனதில் உள்ளதையெல்லாம் கொட்டவிடுவது. அப்புறம் சிறு குழுக்களாகச் சந்திக்கவைப்பது. கடைசியில் இருவருக்கும் வேண்டிய ஒன்றை, சாலையோ பள்ளியோ மாட்டு மருந்துத் தொட்டியோ, இருவருமே சேர்ந்து கட்டுவது. நாமும் அந்த வழியில் போனோம்.

ஊர்ச் சீஃப் கூட்டிய பராசாவில், அதாவது ஊர்க்கூட்டத்தில், எது வேண்டும் என்று கேட்டோம். நாங்கள் கிணறு என்று எதிர்பார்த்தோம். பாலம் என்றார்கள். ஓடையின் மேலிருந்த மரப்பாலத்தின் பலகைகளை ஜனவரியில் பிடுங்கி எறிந்திருந்தார்கள். எந்தக் கரைக்காரர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் ஒரு கரையில், பால் சேகரிக்கும் இடமும் உருளைக்கிழங்கு லாரி வரும் சாலையும் மறுகரையில். கழுதை வண்டி போகும் அகலத்துக்குப் புதுப்பாலம். மரமும் ஆணியும் சிமெண்டும் நாம் கொடுத்தோம், உழைப்பு இரு கரையும். முதல் வாரம் இரண்டு அடுப்பில் தனித்தனியாக கிதேரி, அதாவது மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்ந்த உணவு, வெந்தது. ஒருநாள் பெருமழையில் ஒரு பக்கத்து விறகு முழுக்க நனைந்துபோனது. அன்றைக்கு ஒரே அடுப்பு. மறுநாள் விறகு காய்ந்திருந்தும் யாரும் இரண்டாவது அடுப்பை மூட்டவில்லை. செப்டம்பரில் பாலம் முடிந்தது. முதலில் நடந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஒரு கிழவி பாதிப் பாலம் வரை வந்து நின்று, எதிரே வந்த இன்னொரு கிழவியிடம் “போலே” என்றாள். வருந்துகிறேன் என்று பொருள். இருவரும் வேறொன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. திரும்பாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தந்தையைக் கொன்றவன் யாரென்று தெரிந்த பிள்ளையிடம் “வீட்டுக்குத் திரும்பு” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கே போர்வையும் பள்ளிக் கட்டணமும் போகின்றன, பணத்தை எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாக அனுப்புகிறோம்.

மே மாதம் மக்காச்சோளம் விதைக்கும் பருவம் தப்பிவிட்டதால், சீக்கிரம் கைக்கு வரும் உருளைக்கிழங்கு விதையையும் பீன்ஸையும் இரு கரைக்கும் சமமாகக் கொடுத்தோம். விளைச்சல் பரவாயில்லை. தீயில் போன அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் எழுதித் தந்த நம் இளைஞர்களுக்கு இந்த அவை நன்றி சொல்ல வேண்டும். அந்த ஊரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நவம்பரில் தேர்வும் எழுதிவிட்டார்கள்.

மற்றவை: தமிழ் வகுப்பு ஏப்ரலிலிருந்து வழக்கம்போல் நடந்தது. நவராத்திரியை எளிமையாக முடித்தோம். தீபாவளி விருந்தை விட்டு, அந்தப் பணத்தைப் பாலத்தின் கைப்பிடிக்குக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். மோலோ நிதியை மூட வேண்டாம். அடுத்த பொதுத்தேர்தல் 2012-இல் வரும் என்று எதிர்பார்க்கிறோம். அதுவரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது நாம் அங்கே போய்வர வேண்டும், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும். மார்ச் விதைப்புக்கு முன் அடுத்த பயணம். லாரி கிடைத்துவிட்டது, ஓட்டுநருடன் மூன்று பேர் போகலாம். சுவாஹிலி நன்றாகப் பேசுபவர் ஒருவராவது வேண்டும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்