செடிகளுடன் கூடிய மீன் தொட்டித் தொகுப்பின் தவறான கையேடு குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வில்லிவாக்கம், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

தேதி: 26.05.2025

பொருள்: கையேட்டில் உள்ள தவறான வழிமுறையால் மீன்கள் இறந்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று, உங்களிடம் ரூ. 8,499 கொடுத்து செடிகளுடன் கூடிய இரண்டடி மீன் தொட்டித் தொகுப்பு வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, விளக்கு, ஃபில்டர், அக்வா சாயில் என்னும் சத்து மண், ஐந்து வகைச் செடிகள், ஆக்சிஜன் அடைத்த பையில் 12 நியான் டெட்ரா மீன்கள், எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கின. மீன் வளர்ப்பது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. அதனால் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்து, அதில் இருந்தபடியே செய்தேன். என் புகாரே அந்தக் கையேட்டைப் பற்றித்தான்.

'மண்ணைப் பரப்பி, செடிகளை நட்டு, தண்ணீர் நிரப்பி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு மீன்களை விடவும்' என்று அதில் இருக்கிறது. அன்று மாலையே விட்டோம். மூன்றாம் நாள் காலை என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, எல்லாம் மேலயே நிக்குதும்மா, வாயத் தொறந்து தொறந்து மூடுது" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால், நீலக்கோடு மங்கி, செவுள் ரத்தச் சிவப்பாகி, தண்ணீர் மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் மூன்று போய்விட்டன.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். "தண்ணி சரியில்ல மேடம். முழுசா மாத்திட்டு ஃபில்டரைக் குழாயில நல்லா கழுவிப் போடுங்க" என்றார்கள். மெட்ரோ வாட்டர் பிடித்து அப்படியே செய்தேன். மறுநாள் விடிவதற்குள் இன்னும் ஏழு.

மிஞ்சிய இரண்டையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கொளத்தூர் போனேன். வண்ணமீன் கடைகளுக்கே பேர்போன அந்த இடத்தில், ஒரு சின்னக் கடைப் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தொட்டி வெச்சு எத்தன நாளும்மா ஆச்சு?" நான்கு நாள் என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார். டப்பாவில் இருந்த தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக நிற்க வேண்டியது என் கண்முன்னே கரும்பச்சையாக மாறியது. அத்தனையும் அம்மோனியா.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, இன்னொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மண்ணிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் கொடுத்த அக்வா சாயிலோ முதல் சில வாரம் தானே அம்மோனியா விடும் வகை. அந்த மண்ணைப் போட்ட அன்றே மீனையும் விடச் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு குளோரின் கலந்த குழாய் நீரில் ஃபில்டரைக் கழுவச் சொல்லி, அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்ததையும் அழிக்க வைத்தீர்கள். குளோரினை நீக்கும் ஆன்டி-குளோரின் மருந்து தொகுப்பிலும் இல்லை, கையேட்டிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விவரம் தெரிந்த நிறுவனம் இதைத் தெரியாமல் செய்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

செடிகளிலும் இதே கதைதான். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மண்ணில் புதைப்பதுபோல் படம் போட்டிருக்கிறீர்கள். அவற்றின் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட வேண்டும். என் அனுபியாஸைப் பிடுங்கிப் பார்த்தபோது தண்டு கொழகொழவென்று விரலில் வந்தது, முட்டை நாற்றம். விளக்கை 12 மணி நேரம் எரிய விடச் சொன்னதால் கண்ணாடி முழுக்கப் பாசி.

மீன், செடி இரண்டுக்குமான ரூ. 2,350-ஐத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, கையேட்டைத் திருத்துங்கள். தொட்டியை முதலில் அனுப்பி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வாடிக்கையாளர் சோதித்துச் சொன்ன பிறகு மீனை அனுப்புங்கள். சோதனை மருந்தும் ஆன்டி-குளோரினும் தொகுப்பிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். இன்று மாலை யாரோ ஒருவர் அதே பக்கத்தைப் பார்த்துப் பையை மிதக்கவிட்டுக்கொண்டிருப்பார். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

இறந்தவற்றுக்குப் பதிலாக வேறு 12 நியான் டெட்ரா அனுப்புவதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கொளத்தூர்ப் பெரியவர், ஓடிக்கொண்டிருக்கும் தன் தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த, அந்தப் பாக்டீரியா நிறைந்த தண்ணீரைக் காசு வாங்காமல் ஒரு பாட்டிலில் கொடுத்தார். ஏறக்குறைய ஆறு வாரம் காத்திருந்து இப்போதுதான் சோதனையில் தண்ணீர் மஞ்சளாக நிற்கிறது. அந்த இரண்டு மீன்களும் அவர் கடைத் தொட்டியில்தான் இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய் அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் பக்கங்கள், தொட்டியின் புகைப்படங்கள்