பாம்பன் தங்கைக்கு: உன் மடிக்கணினிக்கு டெபியனே போதும்

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், 4 ஜிபி நினைவகம் கொண்ட உன் மடிக்கணினியில் ஆர்ச் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாதது எதுவும் இல்லாத, நீயே உன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் இயங்குதளம் வேண்டும் என்ற உன் எண்ணம் நல்லது. ஆனால் அதற்கு லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனைத்தான் நீ தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். மண்டபம் முதல் தொண்டி வரை செல்பேசி இணையத்தை மட்டுமே நம்பிக் கணினி வைத்திருக்கும் பிறருக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஆர்ச்சில் பதிப்பு என்ற ஒன்று கிடையாது. மென்பொருள்கள் வெளிவர வெளிவரப் புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கும். சிலவற்றை மட்டும் புதுப்பித்து மற்றவற்றைப் பழையபடி விட்டுவைப்பதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. ஆகவே தேர்வு முடியும் வரை புதுப்பிக்காமல் இருந்துவிட்டு, பிறகு சிறிய நிரல் ஒன்றை நிறுவ முனைந்தாலும், முதலில் மொத்தக் கணினியையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நாளுக்கு இவ்வளவு என்று அளந்து தரப்படும் டேட்டா அதற்கே தீர்ந்துவிடும். டெபியனின் நிலைப்பதிப்புக்குப் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டுமே வரும். 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்புக்கு, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால், ஐந்தாண்டு ஆயுள் உண்டு.

டெபியன் கனமானது என்று உன் நண்பர்கள் சொல்வது, அதை அவர்கள் நிறுவிய விதத்தால் வந்த எண்ணம். மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சிறிய 'நெட்இன்ஸ்ட்' கோப்பை இறக்கி, செல்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து நிறுவத் தொடங்கு. மென்பொருள் தேர்வுத் திரை வரும்போது, டெஸ்க்டாப், க்னோம் (ஒரு முழு டெஸ்க்டாப் தொகுப்பு) ஆகிய இரண்டிலும் உள்ள குறிகளை நீக்கிவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் வைத்துக்கொள். மறுதொடக்கத்துக்குப் பின் கறுப்புத் திரையில் கட்டளை வரி மட்டுமே இருக்கும்; ஆர்ச்சில் நீ தேடிய வெறுமை அதுதான். அதன்மேல் இணைய இணைப்புக்கு நெட்வொர்க்மேனேஜர், வரைகலைத் திரைக்கு எக்ஸ்ஆர்க், சாளரங்களை நிர்வகிக்க ஐ3 அல்லது ஓபன்பாக்ஸ், கட்டளையிட ஒரு டெர்மினல், உலாவியாகப் பயர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக நீயே சேர்க்கலாம். பரிந்துரைக்கப்படும் துணைப் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) தவிர்க்கும்படி, டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டுக்குச் சொல்லிவிட்டால், கேட்காதது பெரும்பாலும் உள்ளே வராது. எதையாவது அமைக்கத் தெரியாமல் நின்றால் ஆர்ச்சின் விக்கியைப் படி. அது டெபியன்காரர்களுக்கும் அருமையான கையேடு.

தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது என்பதால் நிறுவும் மொழியை ஆங்கிலமாகவே வைத்துக்கொள். குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் எழுத்துருவும் இருக்காது. நோட்டோ எழுத்துருக்களைச் சேர்க்கும் வரை உலாவியில் கட்டங்களே தெரியக்கூடும். தமிழ்99 விசைப்பலகைக்கு, தட்டச்சு மொழியை மாற்ற உதவும் ஐபஸ்ஸுடன், தமிழ் விசை அமைப்புகளைத் தரும் எம்17என் பொதியையும் நிறுவி, திரை திறக்கும்போதே ஐபஸ் தொடங்கும்படி ஐ3-இன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடு.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதே. இயங்குதளம் எவ்வளவு மெலிந்தாலும் உலாவி மெலியாது. பத்துப் பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்தால் 4 ஜிபி திணறத்தான் செய்யும். நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ரேம் ஓரளவுக்குத் தாங்கும். மடிக்கணினியில் இடமிருந்தால் இன்னொரு 4 ஜிபி போடுவது அதைவிட நல்லது.

வட்டு முழுவதையும் பயன்படுத்தி நிறுவினால் அதில் உள்ளதெல்லாம் அழியும். அதற்கு முன் உன் கோப்புகளையும் அப்பாவின் மீன் கணக்குகளையும் வெளி வட்டில் நகலெடுத்து, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடங்கு.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து உன் அண்ணன்