கண் சொட்டு மருந்துப் புட்டிகள்: திறந்த தேதிச் சீட்டும் மீந்ததைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் வேண்டி மனு

அனுப்புநர்:
கண் மருத்துவ உதவியாளர்கள் மற்றும் மருந்தாளுநர்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கண்புரை அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு (அழற்சியைக் குறைக்கும்) சொட்டு மருந்தை முதல் வாரம் நாளுக்கு 6 முறை, அடுத்த வாரம் 5 முறை என்று குறைத்து, 6 வாரம் விடச் சொல்வது பரவலான முறை. மொத்தம் 147 சொட்டு. 5 மி.லி. புட்டியில் ஏறக்குறைய 100 முதல் 125 சொட்டு வரும். முதல் நான்கு வாரத்துக்கே 126 சொட்டு தேவை. ஆக இரண்டாவது புட்டி கட்டாயம். ஆனால் கடைசி இரண்டு வாரத்துக்கு அதிலிருந்து செலவாவது 21 சொட்டுதான். மிச்சம் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகிறது.

எங்கள் கவலை அந்த மிச்சம்தான். பேரனுக்கு மெட்ராஸ் ஐ வந்தாலும், கதிரடிக்கையில் கண்ணில் நெல் உமி பட்டாலும் அந்தப் புட்டிதான் கைக்கு வருகிறது. உமி பட்ட கருவிழியில் பூஞ்சைப் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை ஆழமாகப் பரவவிடும். சிவப்பும் வலியும் தற்காலிகமாகக் குறைவதால் நோயாளி தாமதித்தே வருவார். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும்.

புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி மூடி திறக்காத புட்டிக்கு உரியது. திறந்தபின் பெரும்பாலான சொட்டு மருந்துகளின் ஆயுள் நான்கு வாரம்தான். இதைச் சொல்லும் எழுத்தோ ஆங்கிலத்தில், எறும்பளவில் இருக்கிறது. கண்புரை நோயாளி எப்படிப் படிப்பார்?

பயன்படுத்துவதிலும் பிழைகள் உண்டு. பல புட்டிகளில் மூடியை இறுகத் திருகினால் உள்ளிருக்கும் முள்ளே முனையைத் துளைக்கும். தெரியாதவர்கள் ஊக்கால் குத்துகிறார்கள், பிளேடால் நறுக்குகிறார்கள். துளை பெரிதாகி மருந்து கொட்டுகிறது, கிருமியும் நுழைகிறது. பிரெட்னிசோலோன் அசிட்டேட் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே உள்ள நீர்தான் கண்ணுக்குப் போகும். கீழிமையை இழுத்து, முனை இமையில் படாமல் ஒரே சொட்டு விட்டால் போதும். அதுவே கண் தாங்கும் அளவைவிட அதிகம், இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். வேறொரு மருந்து விட 5 நிமிட இடைவெளி வேண்டும். மருந்து வழங்கும் சன்னலில் இதைச் செய்து காட்ட இரண்டு நிமிடம் போதும்.

ஆகவே, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழங்கும் ஒவ்வொரு கண் சொட்டு மருந்துப் புட்டியிலும் ‘திறந்த நாள்’, ‘எறிய வேண்டிய நாள்’ என்று பெரிய தமிழ் எழுத்தில் சீட்டு ஒட்டவும், 6 வாரம் முடிந்து வரும் பரிசோதனையின்போது மீந்த புட்டியை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் குறிக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். வாங்கிய மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மருத்துவமனைக் கழிவுக்கான மஞ்சள் பைக்குரியது. அந்தப் பை எல்லா மருத்துவமனைகளிலும் ஏற்கெனவே இருப்பதால் புதிய செலவு பெரிதாக வராது. கோழிக்கோட்டில் 2025இல் வீட்டு மருந்துகளைச் சேகரிக்கும் திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. இங்கே கண் பிரிவிலிருந்து, அதுவும் ஸ்டீராய்டு புட்டிகளிலிருந்து தொடங்கலாம்.

சீட்டின் மாதிரியை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்