தோல் நோய் ஆய்வில் எங்கள் மாவட்டங்களையும் சேருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் மருத்துவத் துறையினருக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வேலைக்குப் போகும் என் சித்திக்குப் பல வருடமாகச் சொரியாசிஸ். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார். கூடையை நகர்த்தும்போது மணிக்கட்டில் செதில் தெரிந்துவிட்டால், எதிரே நிற்பவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? கத்திரிக்காய், கருவாடு, வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக விட்டார். ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். ஒகேனக்கல் குடிநீர் வந்தபிறகும் செதில் உதிர்வது நிற்கவில்லை. அவர் ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் யாரோ சொன்னதற்காக விட்டதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

எது காரணம், எது சும்மா கூட வருவது என்று பிரித்துப் பார்க்க மரபணு வழி ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மா அப்பாவிடமிருந்து எந்த மரபணு மாற்றம் வரும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி கருவிலேயே முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் நோயோ வேலையோ அதை மாற்றாது. ஆகவே எடையைக் கூட்டும் மாற்றங்களோடு பிறந்தவர்களுக்குச் சொரியாசிஸும் அதிகம் வருகிறதா என்று பார்த்தால், எடையால் நோயா, நோயில் முடங்கியதால் எடையா என்று தெரியும். பிரிட்டன், நார்வே மக்களின் தரவை வைத்து 2019இல் வெளியான ஆய்வு இதைச் செய்தது. எடை கூடினால் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று தெரிந்தது. நோயால் எடை கூடுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. கத்திரிக்காயைத் தொடாதே என்பதைவிட இது எவ்வளவு உபயோகமான செய்தி!

ஆனால் அது ஐரோப்பியர் கணக்கு. தோலில் ஈரம் காக்க உதவும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணு பழுதானால் எக்சிமா என்ற வறட்சியும் அரிப்பும் தரும் இன்னொரு தோல் நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐரோப்பியரிடம் அடிக்கடி காணும் அந்த மாற்றங்கள் ஜப்பானியரிடமும் சீனரிடமும் அரிது; அவர்களிடம் இருப்பவை வேறு. அப்படியிருக்க, நம்மிடம் இருப்பதை நம்மிடம்தானே தேட வேண்டும்?

ஜீனோம் இந்தியா திட்டம் ஏறக்குறைய பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டது. ஆனால் அவர்கள் நலமாக இருப்பவர்கள். நோயாளிகள் உங்கள் புறநோயாளிப் பிரிவு வரிசையில் நிற்கிறார்கள். ஹைதராபாத்தில் மரபணு ஆய்வு செய்யும் சிசிஎம்பி போன்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பதிவேட்டையாவது தொடங்குங்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, குவாரி வேலையா, தோலில் அரிப்பைக் கிளப்பும் பார்த்தீனியம் செடி மண்டிய காட்டில் களையெடுப்பா என்பதோடு, பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா என்றும் கேளுங்கள். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. அதனால் கணக்கில் வரும் பிசகை உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். அந்தக் கேள்வியை மட்டும் குற்றம் சாட்டுவது போலக் கேட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வேண்டும். முடிவு வந்ததும் ஆங்கில இதழில் போடுவதோடு விடாமல், ரத்தம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்குங்கள்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து ஒரு நோயாளியின் குடும்பத்தார்